பிறவிக் குற்றவாளிகள் என்ற கட்டுக்கதை: குற்றப்பரம்பரைச் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு நாடுகளைப் பற்றி ஐரோப்பியர்கள் கட்டிவைத்த பிம்பங்களுக்குக் குறைவில்லை. மாயவித்தைக்காரன், சாமியார், அந்தப்புரம், கொடுங்கோல் ராஜா என்று அந்த வரிசை நீளம். அவற்றுள் ஒன்று அரசாங்க உத்தரவாகவே மாறியது: "இந்தியாவில் சில சாதிகள் பிறப்பிலேயே குற்றவாளிகள்." இந்த நம்பிக்கையின் பேரில் எண்பது வருடம் ஒரு சட்டம் இருந்தது. மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கத்து வாசகர்களுக்கு இது தாத்தா காலத்துச் சங்கதி. மற்றவர்களில் பலருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒன்றாகத் தருகிறேன்.

குற்றப்பரம்பரைச் சட்டம் என்றால் என்ன?

1871-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்த சட்டம். ஒரு கூட்டமோ சாதியோ தொடர்ந்து குற்றம் செய்கிறது என்று அரசு கருதினால் போதும், அந்தச் சமூகம் முழுவதையும் 'குற்றப் பரம்பரை' என்று அறிவிக்கலாம். அறிவித்தபின் அவர்கள் பெயர்கள் பதிவேட்டில் ஏறும். ஊரை விட்டுப் போக அனுமதி வேண்டும். இத்தனைக்கும் அந்தப் பெயர்களுக்கு உரியவர் யாரும் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் பிறந்திருந்தால் போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே ஆள். மேல்முறையீட்டுக்கு வழியே கிடையாது. இதே சட்டத்தின் இன்னொரு பகுதி திருநங்கைகளையும் பதிவேட்டில் ஏற்றியது.

இப்படி ஓர் எண்ணம் எங்கிருந்து வந்தது?

முதல் விதை 1830-களில் விழுந்தது. வட இந்தியப் பாதைகளில் வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்று கொள்ளையடித்த, 'தக்' எனப்பட்ட கும்பல்களை ஒடுக்க வில்லியம் ஸ்லீமன் என்ற அதிகாரி பொறுப்பேற்றார். வழிப்பறிக் கொலைகள் நடந்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அப்ரூவர்களாக மாறிய கைதிகளின் வாக்குமூலங்களைக் கோத்து, காளியை வணங்கும் ஒரு ரகசிய மதக்கூட்டம் நாடு முழுக்கத் தலைமுறை தலைமுறையாகக் கொலையைத் தொழிலாகச் செய்கிறது என்ற பெரிய கதை ஒன்று உருவானது. லண்டனில் அந்தக் கதைக்கு ஏக வரவேற்பு. 1836-ல் வந்த சட்டத்தின்படி, 'தக்' கும்பலைச் சேர்ந்தவர் என்று தெரிந்தாலே ஆயுள் தண்டனை. குறிப்பிட்ட ஒரு கொலையை அவர்தான் செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

அப்புறம் சாதியைப் பற்றிய அவர்களுடைய புரிதல். தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருடன் மகனும் திருடனாகத்தான் இருப்பான் என்பது அவர்கள் கணக்கு. 1871-ல் மசோதாவுக்கு ஆதரவாக அரசுத் தரப்பில் வைக்கப்பட்ட வாதத்தின் சாரமே இதுதான். குற்றம் அவர்களுடைய சாதித் தொழில், மதக் கடமைகூட. எனவே சிலரைத் தண்டித்துப் பயனில்லை, கூட்டத்தையே அடக்க வேண்டும் என்றார்கள். இந்தியச் சமூகத்தைப் பற்றிய ஒரு மேம்போக்கான படிப்பு இப்படித்தான் லட்சக்கணக்கானவர்களின் கழுத்தில் கட்டப்பட்டது.

இதற்கு அறிவியல் சாயமும் பூசினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி வாரியாக மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து எழுதிவைத்தார். போலீஸ்காரர்களுக்கு அந்த அளவை முறையைப் பற்றி வகுப்பும் எடுத்தார். 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலைத் தமிழ்நாட்டுச் சாதிகள் பற்றி எழுதுபவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். தகவலுக்காக அதைப் புரட்டுவதில் தவறில்லை. எந்தக் கண்ணோடு எழுதப்பட்டது என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் இதுபோல் சட்டம் இருந்ததா?

இருந்தது. 1869-ல் அங்கேயும் பழக்கக் குற்றவாளிகளைக் கண்காணிக்க ஒரு சட்டம் வந்தது. ஆனால் நீதிமன்றத்தில் விசாரித்துத் தண்டிக்கப்பட்ட தனி ஆட்கள்மீதுதான் அது பாயும். அவர்களுடைய அண்ணன் தம்பி, மகன், பேரன் எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும் என்று அங்கே யாரும் சட்டம் போடவில்லை. இரண்டு சட்டங்களுக்கும் இடையே இரண்டே வருடம்தான். லண்டனில் குற்றம் செய்தவன் ஒரு மனிதன், இங்கே ஒரு சாதி. பிம்பம் எங்கே புகுந்தது என்பதைக் காட்ட இதைவிட நேரான சான்று வேண்டாம்.

ஆனாலும் அவர்களில் சிலர் திருடத்தானே செய்தார்கள்?

செய்தார்கள். இல்லை என்று சொல்வது வரலாறு ஆகாது. ஏன், எந்தச் சூழலில் என்று கேட்டால்தான் படம் முழுமையாகும்.

மதுரை வட்டாரத்தில் காவல் முறை என்று ஒன்று இருந்தது. கள்ளர், மறவர் குடிகள் ஊரையும் களத்தையும் மாட்டையும் காவல் காத்தார்கள். அதற்கு ஊர் நெல்லாகவோ பணமாகவோ காவல்கூலி கொடுத்தது. பொருள் களவு போனால் காவல்காரர்தான் பொறுப்பு. கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈடு தர வேண்டும். காணாமல்போன மாட்டை மீட்டுத்தர 'துப்புக்கூலி' என்று ஒன்று உண்டு. இந்த ஏற்பாட்டில் அடாவடியும் இருந்தது. காவல்கூலி தராத ஊரில் மாடு காணாமல்போவதும், துப்புக்கூலி கொடுத்ததும் திரும்பி வருவதும் நடந்தன. ஆனால் அது ஓர் ஊர் நிர்வாக முறை, அதற்கென்று விதிகளும் உரிமைகளும் இருந்தன. கம்பெனி ஆட்சி வந்ததும் அந்த உரிமையைச் செல்லாது என்றது. பின்னால் வந்த போலீஸ் அந்த இடத்தைப் பிடித்தது. நேற்றுவரை காவல்காரராக இருந்தவர் கூலி கேட்டால், இன்று அது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம்.

குறவர்களின் கதை வேறு. கடலோரத்திலிருந்து உப்பைப் பொதிமாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்துக்கு மாற்றிக்கொண்டு வருவது அவர்களில் ஒரு பிரிவினரின் தொழில். உப்புக் குறவர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். உப்பு அரசின் ஏகபோகமானது, ரயில் வந்தது, 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சமும் வந்தது. மூன்றும் சேர்ந்து அந்த வியாபாரத்தை நொறுக்கிவிட்டன. காட்டுச் சட்டங்கள் மூங்கிலையும் விறகையும் மேய்ச்சலையும் தடுத்தன. ஊர் ஊராக அலைந்து பிழைத்தவர்களிடம் சரக்கு இல்லாமல்போனபின், அவர்கள் அலைவது மட்டும் அதிகாரிகளின் கண்ணில் பட்டது. நிலையான வீடு இல்லாதவன் சந்தேகத்துக்குரியவன் என்பது ஐரோப்பாவில் ஜிப்சிகளை வைத்து அவர்கள் ஏற்கெனவே பழகியிருந்த எண்ணம்.

ஒரு சமூகத்தின் பிழைப்பைப் பிடுங்கிவிட்டு, அதன்பின் அவர்களில் சிலர் செய்ததை ரத்தத்தின் குணம் என்று எழுதினார்கள். என்னைக் கோபப்படுத்துவது இந்த இடம்தான்.

சென்னை மாகாணத்துக்கு எப்போது வந்தது? யார் மீது பாய்ந்தது?

1871 சட்டம் முதலில் வட இந்தியாவுக்குத்தான். 1911-ல் திருத்தி எழுதப்பட்ட பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. 1914-ல் மதுரைக்குப் பக்கத்துக் கீழக்குடிக் கள்ளர்கள்மீது போட்டுப்பார்த்தார்கள். சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் அனைவருக்கும் நீட்டினார்கள். குறவர், மறவர், வலையர், அம்பலக்காரர், ஊராளிக் கவுண்டர், வேட்டைக்காரர், தொட்டிய நாயக்கர், ஒட்டர், ஜோகி, தொம்பர் என்று பட்டியல் பல மாவட்டங்களுக்கும் பரவியது. சில சமூகங்களுக்கு ஒரு மாவட்டத்தில் மட்டும் அமலில் இருந்தது. ஒரே சாதிக்காரர் ஆற்றுக்கு இக்கரையில் பிறவிக் குற்றவாளி, அக்கரையில் சாதாரணக் குடியானவர் என்ற நிலை.

பதிவேட்டில் பெயர் ஏறினால் வாழ்க்கை எப்படி இருந்தது?

முதலில் பத்து விரல்களின் ரேகையையும் கொடுக்க வேண்டும். அதனால்தான் தென்மாவட்டங்களில் இதை இன்றும் 'ரேகைச் சட்டம்' என்கிறார்கள். அதன்பின் இரவில் குறித்த நேரத்தில் காவல் நிலையத்திலோ, ஊர்ச் சாவடியிலோ ஆஜராக வேண்டும். பல ஊர்களில் வயதுவந்த ஆண்கள் இரவு முழுக்க அங்கேயே படுத்துக் கிடந்தார்கள். பகலெல்லாம் காட்டில் உழைத்த மனிதன் வீட்டில் படுக்க முடியாது. கல்யாணமான அன்றைக்கு ராத்திரியே மாப்பிள்ளை சாவடிக்குப் போன கதையை உசிலம்பட்டி வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

வெளியூர் போக வேண்டுமென்றால் 'ராத்திரிச் சீட்டு' வாங்க வேண்டும். பெயர், தகப்பன் பெயர், எந்த ஊருக்கு, எதற்காக, எப்போது திரும்புவது எல்லாம் அதில் இருக்கும். போன ஊரில் அங்குள்ள அதிகாரியிடம் காட்ட வேண்டும். பக்கத்து ஊரில் மகள் பிரசவ வலியில் இருக்கிறாள் என்று நள்ளிரவில் செய்தி வந்தால் என்ன செய்வது? சீட்டு இல்லாமல் கிளம்பினால் அதுவே குற்றம். சீட்டு வாங்கப் போனால் எழுதிக்கொடுப்பவர் மனசு வைக்க வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தை எழுதும் கைக்கு எவ்வளவு அதிகாரம் போய்ச் சேர்ந்தது, அந்தக் கையை நிறைக்க ஏழை வீடுகள் எதையெல்லாம் கொடுத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தண்டனையும் தனி அளவு. பட்டியலில் உள்ள குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஏழு ஆண்டு. மூன்றாம் முறை என்றால் ஆயுளுக்கும் நாடுகடத்தல். அதே குற்றத்தைப் பட்டியலில் இல்லாத சாதிக்காரர் செய்தால் இந்தக் கணக்கு கிடையாது.

பெருங்காமநல்லூரில் நடந்தது என்ன?

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை எடுக்கப் போலீஸ் படையோடு அதிகாரிகள் வந்தார்கள். ஊர் மக்கள் மறுத்தார்கள். நாங்கள் விவசாயம் செய்து பிழைக்கிறோம், எதற்காக ரேகை வைக்க வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. வாக்குவாதம் முற்றித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் மாயக்காள் என்பது ஊர் காத்துவரும் நினைவு.

ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. பஞ்சாபைப் பற்றி நாடே பேசியது, பெருங்காமநல்லூரைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் மதுரையில் வக்கீலாக இருந்த காங்கிரஸ் தலைவர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்தில் செங்கன்னூரில் பிறந்தவர். இந்தச் சட்டத்தின்கீழ் சிக்கியவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார், சட்டத்தை எதிர்த்து எழுதினார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். தங்கள் சாதியோ மொழியோ மதமோ சேராத ஒருவருக்குக் கிராமம் கொடுத்த பட்டம் அது. 1938-ல் காலமானார். மதுரைக்கு வெளியே அவர் பெயர் இன்னும் எவ்வளவோ அறியப்பட வேண்டும்.

'சீர்திருத்தக் குடியிருப்புகள்' நல்லது செய்யவில்லையா?

பள்ளி வந்தது, சிலருக்கு நிலம் கிடைத்தது. அது உண்மை. ஆனால் அவை வேலி போட்ட குடியிருப்புகள். ஆந்திரத்தில் பாபட்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூவர்ட்புரம் என்று ஓர் ஊர். தெலுங்குப் பகுதியின் குறவர்களான எருகுலர்களுக்காக 1910-களில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு நடத்திய குடியிருப்பு அது. சென்னை அரசின் உயர் அதிகாரி ஹெரால்டு ஸ்டூவர்ட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். சீராலாவில் இருந்த புகையிலை ஆலைக்கு இங்கிருந்துதான் ஆட்கள் போனார்கள். ஊரை விட்டு ஓடினால் சட்டம் பிடிக்கும் என்றால், கூலி குறைவு என்று யாரால் வேலையை விட முடியும்? தென்னாற்காட்டில் அஜீஸ்நகர் என்று இன்னொன்று இருந்தது.

1897-ல் செய்த ஒரு திருத்தம் இன்னும் கொடியது. நான்கு வயதுப் பிள்ளையைக்கூடப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்க அது வழிசெய்தது. குற்றம் ரத்தத்தில் இருக்கிறது என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே, தாயிடமிருந்து பிரித்தால் சரியாகிவிடும் என்று மறுபக்கம் நம்பினார்கள். இரண்டு நம்பிக்கைகளும் ஒன்றையொன்று இடிக்கின்றன. அனுபவித்தது பிள்ளைகள்.

மதுரைப் பக்கம் நடந்தது சற்று வித்தியாசம். அங்கே 1920-க்குப் பிறகு பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தொடங்கப்பட்டன. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்குகின்றன. அவற்றில் படித்து வந்த ஆசிரியர்களும் அதிகாரிகளும் ஏராளம். அந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கும் பேச்சு வரும்போதெல்லாம் எதிர்ப்பு எழுவதற்குக் காரணம், ரத்தம் சிந்திப் பெற்றவை என்று மக்கள் அவற்றைப் பார்ப்பதுதான்.

எல்லாப் பழியும் வெள்ளைக்காரர்களுக்குத்தானா?

இல்லை. 1896-ல் மதுரை மாவட்டத்தில் கள்ளர் காவலை எதிர்த்து மற்றச் சமூகத்தார் 'பண்டு' (நிதி) சேர்த்து இயக்கம் நடத்தினார்கள். தீவைப்பும் வன்முறையும் நடந்தன. சட்டம் வந்தபோது அதை வரவேற்ற மிராசுதார்களும் வியாபாரிகளும் இருந்தார்கள். ரேகை எடுத்த கைகளும் சீட்டு எழுதிய கைகளும் பெரும்பாலும் இந்தியக் கைகள்தான். உழைப்பாளிகளைக் கட்டிப்போட வசதி என்பதால் நிலக்கிழார்களுக்கும் அதில் லாபம் இருந்தது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. பக்கத்து ஊர்க்காரரின் பகை அந்த ஊரோடு நிற்கும். காலம் மாறினால் உறவாகவும் மாறும். அதைக் கெசட்டில் அச்சடித்து, ரேகையோடு கோப்பில் வைத்து, பேரன் வரைக்கும் நீட்டியது அரசு.

எப்போது ரத்தானது?

1936-ல் நெல்லூரில் பேசிய நேரு இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். தெற்கே முத்துராமலிங்கத் தேவர் தலைமையில் நீண்ட போராட்டம் நடந்தது, ப. ஜீவானந்தம் போன்ற கம்யூனிஸ்டுகளும் குரல் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல் ரத்தானது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல். விடுதலை நேரத்தில் சுமார் 127 சமூகங்களைச் சேர்ந்த ஒன்றே கால் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இதன்கீழ் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நாடு சுதந்திரம் அடைந்து ஐந்து வருடம் கழித்து வந்த சுதந்திரம் என்பதால், ஆகஸ்ட் 31-ஐத்தான் விடுதலை நாளாகக் கொண்டாடும் சமூகங்கள் இந்தியாவில் உண்டு.

சட்டம் போய்விட்டதே, இன்னும் என்ன பாதிப்பு?

சட்டம் போனது, கோப்பு போகவில்லை. ரத்து செய்த கையோடு பழக்கக் குற்றவாளிகள் சட்டங்களை மாநிலங்கள் கொண்டுவந்தன. சென்னையில் 1948-லேயே வந்துவிட்டது. எழுத்தளவில் அது தனி ஆளுக்கானது. காவல் நிலையத்தில் யாரை முதலில் கூப்பிட்டு விசாரிப்பது என்ற பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தது.

1993-ல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில், திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் காவலில் இறந்தார். அவர் மனைவி விடாமல் போராடினார். பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு அப்போது வழக்கறிஞராக அந்த வழக்கை நடத்தினார். 1998-ல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் புதன் சபர் என்ற இளைஞர் காவலில் இறந்தார். சபர்கள் பழைய பட்டியலில் இருந்தவர்கள். எழுத்தாளர் மகாசுவேதா தேவி அந்த வழக்கைக் கையிலெடுத்தார். அகமதாபாத்தின் சாராநகரில், அதே பட்டியலில் இருந்த சாரா சமூகத்து இளைஞர்கள் புதனின் பெயரிலேயே ஒரு நாடகக் குழு தொடங்கி நடத்திவருகிறார்கள்.

இவை பேசப்பட்டவை. நகைக்கடையில் திருட்டு என்றால் ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருப்பவர்களைத் தேடிப் போவதும், பெண்களையும் சேர்த்து ஸ்டேஷனில் உட்கார வைப்பதும், முடியாத பழைய வழக்குகளை அவர்கள் தலையில் கட்டுவதும் செய்தித்தாளுக்கு வராமலே நடக்கின்றன. வீடு வாடகைக்குக் கிடைக்காது. பள்ளியில் பென்சில் காணாமல்போனால் எந்தப் பிள்ளையின் பையை முதலில் திறக்கிறார்கள் என்பதில் 1871 இன்னும் இருக்கிறது.

சினிமாவுக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய. 1984-ல் வந்த ஒரு பெரிய ஹாலிவுட் படம் அந்தத் 'தக்' கதையை அப்படியே தூசி தட்டி எடுத்தது. காளிக்கு நரபலி, விருந்தில் குரங்கு மூளை என்று எல்லாம் அதில் உண்டு. திரைக்கதையை மாற்றச் சொன்ன இந்திய அரசோடு ஒத்துப்போகாமல், இலங்கையில் கண்டிப் பக்கம் போய்ப் படமெடுத்தார்கள். ஸ்லீமன் காலத்துக் கதை 150 வருடம் கழித்தும் உலகம் முழுக்க விலைபோனது. நம் படங்களும் சளைத்தவையல்ல. ஒரு குறவரை, ஓர் ஒட்டரைத் திரையில் காட்டினால் திருடராகவோ கேலிப் பொருளாகவோ காட்டுவது பல பத்தாண்டுகள் தமிழ்ப் படங்களின் வழக்கம்.

பாதிக்கப்பட்ட எல்லாச் சமூகங்களும் இன்று ஒரே நிலையிலா இருக்கின்றன?

இல்லை. நிலமும் எண்ணிக்கையும் வாக்கு பலமும் உள்ள சமூகங்கள் பள்ளி, அரசியல், அரசு வேலை என்று மேலே வந்துவிட்டன. அவர்களில் சிலர் இன்று மற்றவர்களை, குறிப்பாகத் தலித்துகளை ஒடுக்கும் இடத்திலும் இருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பேசக்கூடாது. ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு இந்த வழி திறக்கவில்லை. முகவரி இல்லாததால் குடும்ப அட்டை இல்லை, அட்டை இல்லாததால் சாதிச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாததால் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை. 'குற்றப் பரம்பரை' என்ற ஒரே முத்திரை குத்தப்பட்டாலும், அதைக் கழுவிக்கொள்ள எல்லோருக்கும் ஒரே அளவு தண்ணீர் கிடைக்கவில்லை.

சீர்மரபினர் சான்றிதழ் பிரச்சினை என்ன?

தமிழ்நாட்டில் பட்டியலில் இருந்த 68 சமூகங்களைச் சீர்மரபினர் என்கிறோம். 1979 வரை 'சீர்மரபினர் பழங்குடியினர்' என்று இருந்ததை அந்த ஆண்டு ஓர் அரசாணை 'சீர்மரபினர் வகுப்பினர்' என்று மாற்றியது. இதனால் மத்திய அரசின் திட்டங்களில் உரிய இடம் கிடைக்காமல்போனது என்பது அவர்களுடைய நீண்டகாலக் குறை. 2019-ல் மத்திய அரசு தேவைகளுக்கு ஒரு பெயர், மாநிலத் தேவைகளுக்கு இன்னொரு பெயர் என்று இரட்டைச் சான்றிதழ் முறை வந்தது. ஒற்றைச் சான்றிதழ் கேட்டு அதன்பிறகும் போராடினார்கள்.

நீதிமன்றங்கள் ஏதாவது சொல்லியிருக்கின்றனவா?

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. சிறைகளில் சாதிப்படி வேலை பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கு அது. பல மாநிலச் சிறைக் கையேடுகளில், சீர்மரபினரையும் நாடோடிச் சமூகத்தாரையும் பழக்கக் குற்றவாளிகளாகக் கருத இடம்தரும் வாசகங்கள் அதுவரை இருந்தன. அவை அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று சொல்லி ரத்து செய்த நீதிமன்றம், கையேடுகளைத் திருத்தவும் கைதிகள் பதிவேட்டில் உள்ள சாதிப் பத்தியை நீக்கவும் உத்தரவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-லேயே நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்த பழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் பல மாநிலங்களில் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன.